ஒன்றரைச் சாண் பின்தங்கிய கைப்பிடி: சுங்கை சிப்புட்டில் ஓர் எஸ்கலேட்டர் வேலை

இடது கைப்பிடி இப்போது படியோடு ஒட்டி ஓடுகிறது. வேகத்தை அளக்கும் டேக்கோமீட்டரில் படி நிமிடத்துக்கு 30.0 மீட்டர், வலது கைப்பிடி 30.3, இடது 30.4. இந்த மூன்று எண்களும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வந்து உட்காருவதற்குள், கடை அடைத்த பிறகு கிடைக்கிற இரவு நேரம் நிறையவே போய்விட்டது. நாளைக்கு வேறொருவர் இதே மாதிரி பழைய மெஷின் முன்னால் நிற்கலாம். அவருக்காக, செய்ததைச் செய்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்று. இது வீட்டு ஃபேனைக் கழற்றிப் பார்க்கிற மாதிரி வேலை இல்லை. மலேசியாவில் எஸ்கலேட்டருக்கு, வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையான ஜேகேகேபி தரும் தகுதிச் சான்றிதழும் பிஎம்ஏ என்கிற பதிவு நம்பரும் வேண்டும். பதிவு பெற்ற நிறுவனத்தின் ஆட்கள்தான் அதில் கை வைக்கலாம். நான் ஈப்போவில் அப்படிப்பட்ட ஒரு சின்ன நிறுவனத்தில் இருக்கிறேன். பிறந்து வளர்ந்தது சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம். அதனால்தான் இந்த வேலை என் தலையில் விழுந்தது.

மெஷின் ஒரு பழைய இரண்டு மாடிப் பேரங்காடியில் இருக்கிறது. கீழே மளிகை, மேலே துணிமணி, பள்ளிச் சீருடை, பாத்திரம். ஏறுவதற்கு மட்டும் எஸ்கலேட்டர், இறங்குவதற்குச் சாதாரணப் படிக்கட்டு. உயரம் 4.5 மீட்டர், சாய்வு 30 டிகிரி, அதாவது சாய்வுப் பகுதி மட்டும் 9 மீட்டர் நீளம். படியின் அகலம் 800 மி.மீ., வேகம் வினாடிக்கு அரை மீட்டர். சுற்றியுள்ள தோட்டங்களில் இருந்து சம்பள வாரத்தில் குடும்பம் குடும்பமாக வருவார்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அந்த எஸ்கலேட்டர் மூச்சு விடாமல் ஓடும்.

எங்களுக்கு முன்னால் பார்த்தவர்களின் லாக் புத்தகத்தில் மாதா மாதம் எல்லாக் கட்டத்திலும் டிக் இருந்தது. அளவு என்று ஓர் எண் கூட இல்லை. பொறுப்பு மாறிய கையோடு ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மேலே ஏறி வந்த ஒரு பாட்டி என் யூனிஃபார்மைப் பார்த்துவிட்டு நின்றார்.

“ஏம்பா, இந்தப் பிடி என்னையப் பின்னுக்கு இழுக்குது. படி மேல போவுது, கை கீழயே நிக்குது.”

ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கை அது. கத்தி பட்டையில் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று கண்ணால் பார்க்காமலே சொல்லக்கூடிய கை. அவர் சொன்ன பிறகு நானும் ஏறிப் பார்த்தேன். இடது கையைக் கைப்பிடியில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றால், மேலே போவதற்குள் கை முதுகுப் பக்கம் போய்விடுகிறது.

டேக்கோமீட்டரின் சக்கரத்தைப் படியில் வைத்தால் 30.0. வலது கைப்பிடி 30.3. இடது 28.8. நான்கு சதவீதம் மெது. டேக்கோமீட்டர் கையில் இல்லாவிட்டாலும் பார்த்துவிடலாம். சாய்வு தொடங்கும் இடத்தில் ஒரு படியிலும் அதற்கு நேர் மேலே கைப்பிடியிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, மேல் முனையில் இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளந்தால் போதும். எங்களுக்கு 36 செ.மீ. வந்தது. ஒன்றரைச் சாண்.

ஐரோப்பியத் தரமான இஎன் 115 சொல்வது, கைப்பிடி படியின் வேகத்தில் இருந்து 0 முதல் +2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று. அதாவது கொஞ்சம் முந்தலாம், பிந்தக் கூடாது. கை முன்னே போனால் உடம்பு லேசாக முன்னால் சாயும், அவ்வளவுதான். கை பின்னே போனால் ஏறுகிற ஆள் மல்லாந்து விழுவார். எஸ்கலேட்டர் விபத்துகளில் பெரும்பாலானவை விரல் சிக்குவதோ படி உடைவதோ இல்லை, ஆள் தடுமாறி விழுவதுதான்.

“மெஷின் தானா நிக்கலயே, அப்புறம் என்ன?” என்று கடை முதலாளியான தவுக்கே மலாயில் கேட்டார். நியாயமான கேள்விதான். கைப்பிடி வேகத்தைப் பார்க்க ஒரு சென்சார் இந்த மெஷினில் இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அது மெஷினை நிறுத்துவது கைப்பிடி 15 சதவீதத்துக்கு மேல் பிந்தி, 15 வினாடிக்கு மேல் அப்படியே ஓடினால்தான். நான்கு சதவீதம் அதன் கண்ணில் படாது. கைப்பிடி அறுந்துபோகிற மாதிரி பெரிய கேடு வந்தால் அது பார்த்துக்கொள்ளும். சரியான 0க்கும் சென்சார் விழிக்கிற 15க்கும் நடுவில் இருக்கிற இடம் முழுவதும் அளந்து பார்க்கிறவனின் பொறுப்பு.

சரி, வேலைக்கு வருகிறேன். கடை அடைத்ததும் கீழேயும் மேலேயும் தடுப்பு வைத்தோம். மெயின் சுவிட்சை அணைத்து என் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பூட்டிய பிறகு ஒருமுறை ஸ்டார்ட் சாவியைத் திருகி, மெஷின் உண்மையிலேயே செத்திருக்கிறதா என்று பார்ப்பது என் வழக்கம். அதற்குப் பிறகுதான் முனையில் உள்ள தரைத் தகட்டைத் தூக்குவோம். மெஷினை நகர்த்திப் பார்க்க வேண்டிய நேரத்தில் மட்டும் பூட்டைத் திறந்து, இன்ஸ்பெக்‌ஷன் பெட்டியைச் சொருகுவோம். பொத்தானை அழுத்தியிருக்கும் வரைதான் ஓடும், விரலை எடுத்தால் நின்றுவிடும். அந்தப் பெட்டி சொருகியிருக்கும்போது வேறு எங்கிருந்தும் மெஷினைக் கிளப்ப முடியாது.

கீழ்க் குழியைத் திறந்ததும் கூட வந்த தம்பி “ஐயோ அண்ணே” என்றான். ஐந்து காசு நாணயங்கள், கொண்டை ஊசி, காய்ந்த மல்லிகைச் சரம், சீருடைப் பொத்தான்கள், ரசீதுத் தாள், ஒரு ஜப்பான் சிலிப்பரின் வார். எல்லாவற்றையும் பஞ்சு பஞ்சாகத் துணித் தூசி போர்த்தியிருந்தது, அடியில் கறுத்த எண்ணெய்ச் சேறு. துணிக்கடைக்குப் போகிற எஸ்கலேட்டர் என்பதால் தூசிக்குக் குறைவே இல்லை.

இதைக் குப்பை என்று அலட்சியமாக விட முடியாது. லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலத்தடி நிலையத்தில் 1987 நவம்பர் 18 அன்று 31 பேர் இறந்த தீ இப்படிப்பட்ட இடத்தில்தான் தொடங்கியது. யாரோ போட்ட தீக்குச்சி மர எஸ்கலேட்டரின் இடுக்கு வழியாக உள்ளே விழுந்து, கிரீஸும் குப்பையும் சேர்ந்து பற்றிக்கொண்டது. எங்கள் படிகள் அலுமினியம், மரம் இல்லை. ஆனாலும் எண்ணெயில் ஊறிய பஞ்சு பஞ்சுதான். வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் குழி இரண்டையும் சுரண்டி, துடைத்து, மூட்டையாகக் கட்டி வெளியே வைத்தோம். இரவுக் காவலுக்கு இருந்த ஜாகா அண்ணன் நாணயங்களை மட்டும் பொறுக்கிக் கழுவிக் கோயில் உண்டியலுக்கு என்று எடுத்துக்கொண்டார்.

கைப்பிடி மெதுவாக ஓடினால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது, ரப்பர் நீண்டு தளர்ந்துவிட்டது என்று. நாங்களும் அதில்தான் தொடங்கினோம். கைப்பிடியின் இழுவையைக் கூட்டிக் குறைக்கிற டென்ஷன் போல்ட்டை இறுக்கியதும் 29.1 வந்தது. நல்லது என்று மூடிவிட்டுப் போனோம். அடுத்த முறை அளந்தபோது 28.6. முன்னை விட மோசம். கைப்பிடி முனையில் வளைந்து திரும்பும் இடத்தைத் தொட்டால் சூடு வேறு. இழுவையைக் கூட்டியதால் வளைவுகளில் உராய்வு கூடி, அதை இழுக்கிற சக்கரத்துக்குச் சுமை ஏறியிருக்கிறது. போல்ட்டைப் பழைய இடத்துக்கே தளர்த்தினோம், 28.8க்குத் திரும்பியது.

இரண்டு கைப்பிடியையும் புதிதாகப் போட்டுவிடலாம் என்ற பேச்சும் வந்தது. ஒரு பக்கத்துக்கே இருபத்தாறு மீட்டருக்கு மேல் வேண்டும். மேலே தெரிகிற நீளம் பாதிதான், மீதி அடியில் திரும்பி வருகிறது. இரண்டு பக்கமும் சேர்த்து வந்த விலை ஒன்பதாயிரம் ரிங்கிட்டைத் தாண்டியது. தவுக்கேயின் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கும் மனம் ஒப்பவில்லை. ரப்பரில் வெடிப்பில்லை, உள்துணி கிழியவில்லை, உதடு விரியவில்லை.

கொஞ்சம் உட்கார்ந்து யோசித்தோம். இந்த மெஷினில் படிச் சங்கிலியை ஓட்டுகிற அதே மெயின் ஷாஃப்ட்டில் இருந்து ஒரு சங்கிலி கைப்பிடி ஷாஃப்ட்டுக்குப் போகிறது. அந்த ஒரே ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும், கைப்பிடியை உராய்வால் இழுத்து ஓட்டுகிற இடது, வலது ஃப்ரிக்‌ஷன் சக்கரங்கள். வலது சரியாக ஓடுகிறது என்றால் மோட்டார், கியர், சங்கிலி, ஷாஃப்ட் எதிலும் குற்றமில்லை. கோளாறு இடது சக்கரத்திலும் அதன்மேல் கைப்பிடியை அழுத்துகிற ரோலர்களிலும்தான் இருக்க வேண்டும். அங்கே போக வேண்டுமானால் படிகளைக் கழற்ற வேண்டும்.

மேல் முனையில் மூன்று படிகளை எடுத்தோம். ஒவ்வொன்றும் பதினைந்து கிலோவுக்குள் இருக்கும். படியைக் கையில் பிடித்துக் கவிழ்த்துப் பார்த்தால்தான் எஸ்கலேட்டரின் சூட்சுமம் புரியும். ஒரு படிக்கு இரண்டு ஜோடிச் சக்கரம். முன் ஜோடி சங்கிலியோடு சேர்ந்து ஒரு தண்டவாளத்தில் ஓடும். பின் ஜோடி தனித் தண்டவாளத்தில் ஓடும். சாய்வில் அந்த இரண்டு தண்டவாளத்துக்கும் உள்ள இடைவெளியால்தான் ஒவ்வொரு படியும் தட்டையாக நின்று படிக்கட்டு ஆகிறது. முனை நெருங்க நெருங்க அந்த இடைவெளி மாறும். படிகள் ஒரே மட்டத்துக்கு வந்து தரையோடு தரையாகிவிடும். படியை மடக்கவோ நிமிர்த்தவோ தனியாக எந்திரம் ஒன்றும் கிடையாது. பின் சக்கரத்தில் ஒன்று பாதி வெடித்திருந்தது, ஓரத்தில் வைத்தோம். அது முழுதாக உடைந்தால் படி ஒரு பக்கம் தாழும். தாழ்ந்த படி, முனையில் பல் பல்லாக இருக்கிற சீப்புத் தகட்டில் போய் முட்டுவதற்கு முன்னால் மெஷினை நிறுத்த அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. அதைக் கையால் தட்டிப் பார்த்தோம், உடனே நின்றது.

திறந்த இடைவெளி வழியாக டார்ச்சை அடித்ததும் இடது சக்கரம் பளபளத்தது. ரப்பர் பூச்சு பளபளக்கக் கூடாது. விரல் நகத்தால் அழுத்தினால் தடம் விழவில்லை, அவ்வளவு இறுகியிருந்தது. விரலை எடுத்தால் எண்ணெய்.

மெல்லிய ஸ்டீல் டேப்பைச் சக்கரத்தைச் சுற்றிப் பிடித்துச் சுற்றளவை எடுத்தோம். இந்த இடத்தில் விட்டத்தை அளக்க நினைக்காதீர்கள். ஷாஃப்ட் நடுவில் நிற்கும், கை போகாது, சரியான எண்ணும் வராது. புதுச் சக்கரத்தின் விட்டம் 587 மி.மீ., சுற்றளவு 1844. வலது 1838 காட்டியது. இடது 1815. கணக்குப் போட்டால், வலதுக்கு 30.3 என்றால் இடது தேய்ந்த அளவுக்கு 29.9 ஓட வேண்டும். ஓடுவதோ 28.8. ஆக, குறையில் கொஞ்சம்தான் தேய்மானம், பெரும்பங்கு வழுக்கல். சக்கரத்தை மட்டும் மாற்றிவிட்டு எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் போயிருந்தால், புதுச் சக்கரமும் சீக்கிரமே இதே கதிக்கு வந்திருக்கும்.

எண்ணெய் வந்த வழியைத் தம்பிதான் கண்டுபிடித்தான். கைப்பிடி ஷாஃப்ட்டின் சங்கிலி இடது பக்கம் இருக்கிறது. அதற்குச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விடுகிற செம்புக் குழாயின் நுனி எப்போதோ யாரோ மிதித்து வளைந்திருக்கிறது. சொட்டு சங்கிலியில் விழாமல் பக்கத்துச் சக்கரத்தின் மேல் விழுந்துகொண்டிருந்தது. சங்கிலியைத் தொட்டால் காய்ந்துபோய்த் துரு. வழுக்கக் கூடாத இடத்தில் எண்ணெய், எண்ணெய் வேண்டிய இடத்தில் துரு. அதற்கும் மேலே, வழுக்கலைச் சமாளிக்க முன்னால் வந்த யாரோ அழுத்து ரோலரின் ஸ்பிரிங்கை இறுக்கித் தள்ளியிருக்கிறார்கள். வலது ஸ்பிரிங் 52 மி.மீ. நீளத்தில் நிற்கிறது, இடது 44இல். அப்படி நசுக்கினால் கைப்பிடியின் உள்துணிதான் அரைபடும்.

குழாய் நுனியை மாற்றினோம், பதினைந்து ரிங்கிட். இனி கைப்பிடியின் உள்பக்கம். மண்ணெண்ணெயோ தின்னரோ போட்டால் ஒரே நிமிடத்தில் பளிச்சென்று ஆகிவிடும், கூடவே துணிக்கும் ரப்பருக்கும் நடுவில் உள்ள பசையும் போய்விடும். எனவே சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணி, அப்புறம் வெறும் ஈரத்துணி, அப்புறம் காய்ந்த துணி. இன்ஸ்பெக்‌ஷன் பெட்டியால் ஒரு கை நீளம் நகர்த்து, நிறுத்து, துடை. இருபத்தாறு மீட்டரும் இப்படியே. இடுப்பு விட்டுப்போகிற வேலை இதுதான். ஸ்பிரிங்கை 52க்குத் தளர்த்தி ஓட்டிப் பார்த்தால் 29.6. சுத்தம் செய்ததிலேயே அவ்வளவு தூரம் ஏறிவிட்டது. ஆனாலும் 30.0ஐத் தொடவில்லை, இறுகிய ரப்பர் இருக்கும் வரை தொடாது.

சக்கரத்துக்கு இரண்டு வழி. பழையதற்கே ஈப்போவில் ஒரு பட்டறையில் புது ரப்பர் சுற்றிக் கடைந்து தருவார்கள், பாதி விலைக்கும் குறைவு. ஆனால் கடைசல் அரை மில்லி பிசகினாலும் வேகம் மாறும். அதோடு அவர்கள் கேட்ட காலம் வரை கடையில் எஸ்கலேட்டரை மூடி வைக்க முடியாது. புதுச் சக்கரம் 620 ரிங்கிட். புதிதையே வாங்கினோம். பழைய சக்கரத்தைப் பட்டறைக்கு அனுப்பிவிட்டேன், திரும்பி வந்து அளவு சரியாக இருந்தால் அது வலது பக்கத்துக்கு ஸ்பேர்.

மாற்றும் வேலை சத்தமில்லாமல் ஓர் இரவைத் தின்றது. கைப்பிடியை மேல் முனையில் மரக் கட்டையால் நெம்பித் தடத்தை விட்டு எடுத்து, தளர்த்தி, சக்கரத்தில் இருந்து கழற்ற வேண்டும். ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பினால் உள்துணி கிழியும். அப்புறம் ஷாஃப்ட்டைச் செயின் பிளாக்கில் தொங்கவிட்டு, பேரிங் வீட்டைப் பிரித்து, சக்கரத்தை வெளியே இழுக்க வேண்டும். பேரிங் வீட்டின் பழைய இடத்தைக் கழற்றும் முன் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு வைத்தது திரும்பப் பூட்டும்போது நிறைய நேரத்தை மிச்சப்படுத்தியது. பூட்டி ஓட்டினோம். 30.4. முன்பு கீழ் முனையில் நின்று ஒரு கையால் இறுக்கிப் பிடித்தால் இடது கைப்பிடி நின்றுவிடும். இப்போது பிடித்தால் ஆளையே இழுத்துக்கொண்டு போகிறது.

இவ்வளவு திறந்த பிறகு மற்றதையும் பார்க்காமல் மூடுவதற்கு மனம் வரவில்லை. படிக்கும் பக்கவாட்டு ஸ்கர்ட் தகட்டுக்கும் நடுவே, இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் விட்டுக்கொண்டே வந்தோம். ஒரு பக்க இடைவெளி 4 மி.மீ. தாண்டக் கூடாது, இரண்டு பக்கமும் சேர்ந்து 7 தாண்டக் கூடாது. கீழ் வளைவுக்குப் பக்கத்தில் வலது 4.5, இடது 1.5. கூட்டினால் 6, தேறும். தனியாகப் பார்த்தால் வலது தேறாது. தகட்டின் பின்னால் போல்ட்டைத் தளர்த்தி, ஷிம் என்கிற மெல்லிய தகட்டுத் துண்டை வைத்து ஒரு மில்லி உள்ளே தள்ளினோம். 3.5க்கு வந்தது. குழியில் கிடந்த அந்தச் சிலிப்பர் வார் எப்படி உள்ளே போனது என்று யோசித்தால் இந்த இடம்தான் நினைவுக்கு வருகிறது. தோலோ கடின ரப்பரோ தகட்டில் பட்டால் வழுக்கும். மெத்தென்ற சிலிப்பர் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும், படி மேலே போகும்போது ஓரம் மடங்கி இடுக்கில் இறங்கிவிடும். குழந்தையின் கால் என்றால் விரலும் கூடவே. தகட்டின் பின்னால் சுவிட்ச் இருக்கிறது, எதாவது சிக்கித் தகடு வெளியே தள்ளப்பட்டால் மெஷின் நிற்கும். மர ஆப்பு வைத்து அழுத்திச் சோதித்தோம், நான்கில் ஒன்று தூசி அடைத்து மக்கர் பண்ணியது. சுத்தம் செய்து மறுபடி சோதித்துத்தான் விட்டோம். தகட்டில் காய்ந்த வகை சிலிகான் பூசினோம். படியின் மேல் ஒரு துளி படாமல் அட்டையை மறைப்பாகப் பிடிக்க வேண்டும், பட்டால் அடுத்த நாள் யாராவது வழுக்கி விழுவார்கள்.

மேல் சீப்பில் இரண்டு பல் உடைந்திருந்தது. சீப்பின் பற்கள் படியின் பள்ளங்களுக்குள் குறைந்தது 4 மி.மீ. இறங்கி நிற்க வேண்டும். படியோடு வருகிற செருப்பு நுனியை அவைதான் தரைக்கு ஏற்றிவிடுகின்றன. பல் இல்லாத இடம் விரல் நுழைகிற வாசல். நான்கு துண்டுகளை மாற்றினோம்.

பிரேக்கைக் கடைசியாகப் பார்த்தோம். எஸ்கலேட்டர் பிரேக் நம் கார் பிரேக்குக்கு நேர் எதிர். ஸ்பிரிங் எப்போதும் பிடித்துக்கொண்டே இருக்கும், கரண்ட் வந்தால்தான் விடும். அதனால் கரண்ட் போனாலும் வயர் அறுந்தாலும் மெஷின் நிற்கத்தான் செய்யும். ஆனால் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பது முக்கியம். வினாடிக்கு அரை மீட்டர் வேகத்துக்கு 20 செ.மீ. முதல் 1 மீட்டருக்குள் நிற்க வேண்டும். ஆளில்லாமல் கீழ்நோக்கி ஓடவிட்டு ஸ்டாப்பை அழுத்தினால் 84 செ.மீ. ஓடி நின்றது. எண்ணைப் பார்த்தால் தேறுகிறது. ஆனால் அது வெறும் படி. தீபாவளிக் கூட்டம் நிற்கும்போது மோட்டார் விட்டுக்கொடுத்தால் அந்த எடை முழுவதும் கீழ்நோக்கித்தான் இழுக்கும். லைனிங்கைத் துடைத்து, ஸ்பிரிங்கைச் சரிசெய்து 40க்குக் கொண்டுவந்தேன். இன்னும் குறைக்கலாம்தான். ஆனால் சடக்கென்று நின்றால் நிற்கிற பாட்டிகள் எல்லாம் ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள்.

படிகளைப் பூட்டி, தரைத் தகடுகளை வைத்து, ஒவ்வொன்றின் மேலும் நானே ஏறி நின்று குதித்துப் பார்த்தேன். தம்பி சிரித்தான். 2015 ஜூலை 26 அன்று சீனாவின் ஜிங்ஜோவில் ஒரு பேரங்காடியில் சரியாகப் பொருந்தாத தரைத் தகடு பெயர்ந்து, ஒரு தாய் குழந்தையை முன்னால் தள்ளிக் காப்பாற்றிவிட்டு உள்ளே விழுந்து இறந்தார். அதைச் சொன்னதும் மறுமுனைத் தகட்டில் அவனும் குதித்தான்.

செலவு: சக்கரம் 620, சீப்புத் துண்டு நான்கு 112, படிச் சக்கரம் இரண்டு 70, குழாய் 15, எண்ணெய், சிலிகான், துணி எல்லாம் 90. மொத்தம் 907 ரிங்கிட், கூலி தனி. ஒன்பதாயிரத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த தவுக்கே அன்று எங்கள் இருவருக்கும் தே தாரிக்கும் ரொட்டி சானாயும் வாங்கிக் கொடுத்தார்.

பாட்டியை அப்புறம் ஒருமுறை மளிகைப் பக்கம் பார்த்தேன். ஏறிப் பார்த்துவிட்டு, “இப்ப சரியா வருது” என்றவர், கைப்பிடியைத் தடவிக்கொண்டே “இது நம்ம தோட்டத்து ரப்பரா?” என்று கேட்டார். இல்லை பாட்டி, இது பெரும்பாலும் செயற்கை ரப்பர் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

அடுத்த முறை இப்படி ஒரு புகார் வந்தால் டென்ஷன் போல்ட் பக்கமே முதலில் போக மாட்டேன். இரண்டு கைப்பிடி வேகம், இரண்டு சக்கரத்தின் சுற்றளவு, இரண்டு ஸ்பிரிங்கின் நீளம், இந்த ஆறையும் எழுதிக்கொண்டுதான் ஸ்பேனரை எடுப்பேன். பக்கத்துப் பக்கத்தில் எழுதினாலே எந்தப் பக்கம் கோளாறு என்று தெரிந்துவிடும். எண்ணெய்க் குழாயின் நுனிக்கு மேல் ஒரு சின்னத் தகட்டு மறைப்பு வைக்க வேண்டும், யார் மிதித்தாலும் வளையாதபடி. லாக் புத்தகத்தில் டிக் போடும் கட்டங்களை அடித்துவிட்டு எண் எழுதும் கட்டம் போட்டிருக்கிறேன். வலது சக்கரம் இப்போது 1838. அது 1820க்குத் தேய்ந்தால் வேகம் சரியாக 30.0க்கு வந்துவிடும், அதற்குக் கீழே போனால் பிந்தும். ஆகவே 1825 வந்ததும் மாற்றச் சொல்லி அட்டையின் உள்பக்கம் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஸ்கர்ட் ஓரத்தில் பிரஷ் போடச் சொல்லித் தவுக்கேயிடம் விலைப்பட்டியல் கொடுத்தாகிவிட்டது. காலை ஓரத்துக்குப் போகவிடாமல் தடுப்பதற்கு அதைவிடச் சுலபமான வழி கிடையாது, புது மெஷின்களில் அதோடுதான் வருகிறது. தீபாவளி வியாபாரம் முடியட்டும் என்கிறார். நான் விடுவதாக இல்லை, அடுத்த மாதச் சர்வீஸுக்குப் போகும்போது சாம்பிள் துண்டு ஒன்றையும் கையோடு எடுத்துப் போகிறேன்.